குறும்பலாவும் சர்வகலாசாலையும்

சுற்றுச்சூழலைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் 1991-ல் பணித்தனர். அதன்படி 2003-ல் பல்கலைக்கழக மானியக் குழுவினர் பட்டப்படிப்பு மாணாக்கர் யாவர்க்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தனர். பாடம் நடக்கிறது, பரீக்ஷையும் நடக்கிறது. ஆயினும், சாரல் காலத்தில் குற்றாலம் சென்று பார்ப்போர், அப்பரீக்ஷையில் தேறிய வாலிபர்களும் அருவிக்கரையில் பிளாஸ்டிக் உறைகளை எறிந்து செல்வதைக் காண்பர். குறைந்திருப்பது அறிவன்று, ஈடுபாடே என்பது நமது அபிப்பிராயம். ஈடுபாட்டை விளைவிக்கக் கலையைப்போல் வல்லது பிறிதில்லை.

இதைச் சொல்லக் குற்றாலத்துக்குள்ள உரிமை வேறெந்த ஊருக்கு உண்டு? இங்குள்ள சித்திரசபையில் நடராஜப் பெருமான் விக்கிரகமாக அன்றிச் சுவரில் தீட்டிய சித்திரமாகவே வழிபடப்படுகிறார். திருஞானசம்பந்தரோ தலத்தைப் பாடியதோடு அமையாது, குறும்பலாவுக்கென்றே தனிப் பதிகமும் அருளினார். ஒரு பலா மரத்தின் பெயரால் பதிகம் பெற்ற சமூகத்துக்கு, மரத்தை வெட்டாதே என்று சட்டம் போட்டுச் சொல்ல நேர்ந்ததே! பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குறவஞ்சியில், குறத்தி தன் மலையின் குரங்கையும் அருவியையும் மூலிகையையும் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறாள். தன்னுடையதென்று கருதியதை எவரும் அசுத்தம் செய்யார்.

மலையழகைப் பாடியதனாலன்றோ இத்தனை கூட்டம் வந்து சேர்ந்தது என்று கேட்பாரும் உளர். கூட்டம் வருவது குளிக்க. குறவஞ்சி படித்து வந்தவர் அதில் எத்தனை பேர்?

வங்காளத்தில் ரவீந்திரர் 1928-லேயே மரம் நடுதலை விசுவபாரதியின் விழாவாக்கினார். கன்றைப் பாட்டோடும் நடனத்தோடும் ஊர்வலமாய்க் கொணர்ந்து நட்டனர். ஸ்ரீநிகேதனத்தில் உழவுத் திருநாளை நந்தலால் வஸு சுவரோவியமாக்கினார்.

நம் பக்கத்திலும் வசதிக்குக் குறைவில்லை. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் விஞ்ஞான நிலையம் தென்காசி மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியில், மலைக்கு அணித்தாகவே இருக்கிறது. ஆனால் விஞ்ஞானம் ஒரு கட்டடத்திலும் தமிழ் வேறொரு கட்டடத்திலும் இருக்கும் வரையில் பயனில்லை. பந்தல் போட்டு, ஓவியப் போட்டி நடத்தி, பரிசளித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதை நாம் சொல்லவில்லை. சிற்றாறு அருவியில் விழுமிடந்தொட்டுச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்குமிடம் வரை மாணாக்கர் நடந்து, கண்டதை வரைந்தும் எழுதியும் கொணரட்டும். தென்காசியில் குறவஞ்சியை ஆடிக் காட்டட்டும். பாடத்தின் மதிப்பெண்ணில் பாதியை இதற்கு ஒதுக்குவதைப் பல்கலைக்கழகத்தார் அடுத்த சாரலுக்கு முன்பே தீர்மானிக்கலாம்.