நவம்பர் 7-ல் பிறந்தால் மேதையா?

நவம்பர் 7 என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் கமல்ஹாசன். 1954-ல் பரமக்குடியில் பிறந்தவர். முதல் படமான 'களத்தூர் கண்ணம்மா'வுக்கே (1960) ஜனாதிபதி தங்கப் பதக்கம் வாங்கியவர். இயக்குநர் வெங்கட் பிரபுவுக்கும் நடிகை அனுஷ்காவுக்கும் கூட அன்றுதான் பிறந்தநாள்.

சினிமாவைத் தாண்டினால் பட்டியல் இன்னும் பெரிசு. 1888-ல் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், 1930-ல் இயற்பியல் நோபல் பெற்றார். 1867-ல் வார்சாவில் பிறந்த மேரி கியூரிக்கு 1903-ல் இயற்பியல், 1911-ல் வேதியியல் என்று இரண்டு நோபல். இலக்கிய நோபல் (1957) பெற்ற ஆல்பெர் காம்யு பிறந்ததும் 1913-ல் இதே தேதியில்தான்!

இதைப் பார்த்ததும் "7-ன் மகிமை" என்று நியூமராலஜிக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அதே தேதியில் பிறந்து, பெயரே வெளியில் தெரியாமல் வாழ்ந்து முடித்த லட்சக்கணக்கானவர்களை யார் எண்ணினார்கள்? வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை மறைத்த கணக்கு இது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

பிறந்த தேதி யாரும் உழைத்துச் சம்பாதித்தது இல்லை. தேசிய அறிவியல் தினம் கூட ராமன் பிறந்த நாளில் வருவதில்லை. 1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்த பிப்ரவரி 28-ல்தான் வருகிறது. அதுதான் சரி.

பிறந்தநாளைக் கொண்டாடவே கூடாதா? தாராளமாகக் கொண்டாடலாம். கியூரியின் பிறந்தநாள் இந்தியாவில் தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு தினம். கமல் தன் ரசிகர் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றியதால், கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதற்குப் பதில் ரத்த தானம் நடக்கிறது. தேதிக்கு மகிமை வருவது இப்படித்தான்!