கறவை மாட்டுக் கணக்கில் மூன்று ஓட்டைகள்

மட்டக்குளியில் என் தாத்தா வீட்டின் பின்வளவில் இரண்டு கறவை மாடுகள் நிற்கின்றன. "இதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, விற்றுவிடப் போகிறேன்" என்றார் மச்சான். "ஒரு மாதம் பொறுங்க மச்சான், எழுதிப் பார்ப்போம்" என்று ஒரு கொப்பியை வாங்கிக் கொடுத்தேன். முப்பது நாட்களும் மாலையில் போய்ப் பார்த்து வந்தேன்.

சுபஹுக்கு முன் எழுந்து சாணம் அள்ளி, கொட்டிலைக் கழுவி, பால் கறந்து, வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். பகலில் களனி ஆற்றோரம் புல் வெட்ட வேண்டும். பேலியகொடை மெனிங் சந்தையில் கழிவு மரக்கறி பொறுக்க வேண்டும். அஸருக்குப் பின் மீண்டும் கறவை. பெருநாள் வந்தாலும் லீவு கிடையாது.

மாத முடிவில் புண்ணாக்கு, தவிடு, தண்ணீர் பில் எல்லாம் கழித்துப் பார்த்தோம். கொப்பியில் இலாபம் இருந்தது, கையில் காசு இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்த கடன் பாலில் அது நின்றது. இது முதலாவது ஓட்டை.

இரண்டாவது, வீட்டாரின் உழைப்பு. மச்சான் நாளுக்கு 3 மணித்தியாலம், தாத்தா 2, மகன் 1. மாதத்துக்கு 180 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்தை ஒரு நாள் வேலையாகக் கொண்டால் 22 நாள் கூலிக்கும் மேல். அதையும் செலவில் எழுதியதும் இலாபம் அநேகமாகக் கரைந்துவிட்டது. "இது எங்கட மாடு, எங்களுக்கு என்ன கூலி?" என்று தாத்தா சிரித்தார். எமது குடும்பத் தொழில்கள் பல படுத்துப்போவது இந்த எண்ணத்தால்தான். கூலி கிடைக்காத பிள்ளை வெளிநாடு போகத்தான் பார்ப்பான்.

மூன்றாவது ஓட்டை, நாட்களைக் குறித்து வைக்காதது. ஒன்பதாம் நாள் இரவு ஒரு மாடு பருவத்துக்கு வந்து கத்தியது. யாரும் கவனிக்கவில்லை. சினையூட்ட ஆள் வரும்போது நேரம் கடந்துவிட்டது. அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். சினைக்காலமோ ஒன்பது மாதத்துக்கும் மேல். கன்று பிந்தினால் அடுத்த கறவையும் பிந்தும். தீனிச் செலவு மட்டும் நிற்காது.

அப்படியானால் விற்றுவிடுவதா? கூடாது என்பதே என் கருத்து. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் இறக்குமதிப் பால்மா கிலோ 1195 ரூபாவானது. 2022 மார்ச்சில் 1945 ரூபா. பால்மா கிடைக்காத அந்நாட்களில் பலர் மச்சானின் கேற்றைத் தட்டினார்கள். மலைநாட்டுப் பண்ணையாளர் சேகரிப்பு நிலையம் தரும் விலைக்குப் பாலைக் கொடுக்கிறார். மச்சானுக்கோ வாடிக்கையாளர் வாசலிலேயே இருக்கிறார்கள். இந்த வசதியை விற்றால் திரும்ப வாங்க முடியாது.

மச்சான் இப்போது வாரக் கடைசியில் கடனை வசூலிக்கிறார். மகனுக்கு மாதச் சம்பளம் பேசியிருக்கிறார். மாட்டின் நாட்களைக் கலண்டரில் குறிக்கிறார். விற்பனைப் பேச்சை ஆறு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்.

வாசகர்களே, ஆடோ மாடோ கோழியோ வளர்ப்பவர்கள் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். விற்பதென்றாலும் கணக்குப் பார்த்து விற்போம்.