புனர்வாழ்வு இன்னொரு சிறையாகிவிடக் கூடாது

போதைப்பொருளுக்கு அடிமையானவரை, வைத்திய அறிக்கையின் அடிப்படையில் சிகிச்சைக்கு அனுப்புவதற்கு 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நீதவானுக்கு அதிகாரம் அளிக்கின்றது. ஆனால், மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புற இளைஞர் ஒருவருக்கு இதனால் கிட்டப்போவது சிகிச்சையா, வேறு பெயரிலான சிறையா என்பதே கேள்வி.

பொலநறுவை மாவட்டத்தின் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் உயிரிழந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். படையினர் சிலர் கைது செய்யப்பட்டனர். இராணுவக் கட்டுப்பாடு வைத்தியருக்கு ஈடாகாது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

1989இல் அமெரிக்காவின் மியாமியில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்றத்தின் வழி வேறு. அங்கு கட்டளையுடன் நீதிமன்றத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. சிகிச்சை பெறுபவரை நீதிபதி தவணைதோறும் அழைத்து முன்னேற்றத்தை ஆராய்கின்றார். சிகிச்சையை நிறைவு செய்தவரின் வழக்கு தள்ளுபடியாகவும் இடமுண்டு.

அத்தகைய மேற்பார்வையை மாத்தளை நீதவான் நீதிமன்றத்திலும் பரீட்சித்துப் பார்க்கலாம். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பம் உழைப்பவரை இழக்காதிருக்க, வீட்டிலிருந்தவாறே மாவட்ட வைத்தியசாலையில் சிகிச்சை பெற வழி செய்யப்பட வேண்டும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையெனில் பாராளுமன்றம் தயங்கலாகாது. தடுத்துவைத்தல் இறுதி வழியாக மட்டுமே அமைய வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.