கேட்டு வாங்கவும் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

பொதுத்தேர்வு எழுதும் மாற்றுத்திறன் மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு எனப் பல சலுகைகளை அரசு தருகிறது. நல்ல ஏற்பாடு. மருத்துவர் சான்று தருகிறார், பெற்றோர் விண்ணப்பிக்கிறார்கள், தலைமையாசிரியர் பரிந்துரைக்கிறார், ஆணை வருகிறது. இத்தனை பேர் கைமாறும் கோப்பில், “உனக்கு என்னப்பா வேணும்?” என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கத்தான் பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு பொதுத்தேர்வில் தனி அறைக்குக் கண்காணிப்பாளராகப் போனேன். கற்றல் குறைபாடுள்ள பையன் ஒருவனுக்கு அன்றுதான் முதன்முறையாக எழுத ஆள் கிடைத்திருந்தது. கணக்கு அவனுக்கு வரும்; சொல்லத்தான் வரவில்லை. ‘எக்ஸ் பிளஸ் டூ ஹோல் ஸ்கொயர்’ என்பதில் ‘ஹோல்’ விட்டுப்போனால், எழுதுபவர் இரண்டுக்கு மட்டும் வர்க்கம் போட்டுவிடுவார். கணக்கு அந்த வரியோடு தடம் மாறிவிடும். சொன்னதை எழுதலாமே தவிர, திருத்த அவருக்கு உரிமை இல்லை. “சார், அந்த வரியைத் திரும்பப் படிங்க”, “அதை அடிச்சிட்டு அடுத்த வரியில எழுதுங்க”, “படத்துல இந்தப் புள்ளிக்கு பி-ன்னு பேர் போடுங்க” என்று பையன்தான் சொல்லியாக வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை, அப்பா வயதுள்ள ஆசிரியரை வேலை வாங்க வேண்டும்! பத்து வருடம் கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்காரப் பழக்கிவிட்டு அன்றைக்கு மட்டும் வாயைத் திற என்றால் எப்படித் திறப்பான்? தப்பாக விழுந்த வரியைப் பார்த்துக்கொண்டே “சரி சார்” என்றான்.

அவனுக்குச் சலுகை கிடைத்தது. அதைப் பயன்படுத்தும் பழக்கம் கிடைக்கவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; கற்றல் குறைபாடும் அதில் உண்டு. தேர்வு முறையை மாணவருக்கேற்ப மாற்றித்தர வேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. எழுதும்போது கை இறுகிப்போகும் விகாஷ் குமார், 40 விழுக்காட்டுக் குறைபாடு இல்லை என்ற காரணத்தால் குடிமைப் பணித் தேர்வில் எழுத ஆள் மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. எந்த வசதி வேண்டும் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடமே கலந்து பேசி முடிவுசெய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. விகாஷ் குமாருக்குத் தன் தேவையைச் சொல்லத் தெரிந்திருந்தது. நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவளுக்குத் தெரியுமா?

அவளிடம் சான்றிதழ்கூட இருக்காது. ஒரு காது மந்தமாக இருக்கும். முன் பெஞ்ச் கேட்கக் கூச்சம். சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குப் பாடவேளை நடுவே ஏதாவது வாயில் போட வேண்டியிருக்கும். கேட்டால் திட்டு விழுமோ என்று பயம். கேட்கும் பிள்ளையை “வாய் நீளுது” என்று ஒரே அதட்டில் உட்கார வைப்பதில் நம் ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்திருக்கிறீர்கள். புகாருக்கு அது சரி. பேர் எழுதாமல் போடலாம். தேவையை அப்படிப் போட முடியாது. இன்னாருக்கு இன்னது வேண்டும் என்று முகம் பார்த்துச் சொன்னால்தான் நடக்கும்.

கேட்கப் பழக்கினால் கேட்டதெல்லாம் கொடுக்கணுமே என்று சக ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள். வேண்டாம். ‘முடியாது’ என்றால் ஏன் என்று சொல்லுங்கள், வேறு வழி என்ன என்று சேர்ந்து யோசியுங்கள். அந்தப் பேச்சும் பிள்ளைக்குப் பாடம்தான்.

இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் பெற்றோரிடம் பேசும்போது பிள்ளையும் கூட உட்காரட்டும்; ஆறாம் வகுப்பிலிருந்தே அது வழக்கமாகட்டும். பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டட்டும், சைகையில் சொல்லட்டும். சலுகை கேட்கும் விண்ணப்பத்தில், எது தனக்குக் கஷ்டம், எது உதவும் என்று மாணவர் தன் வார்த்தையில் சொல்ல அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எழுத முடியாதவர் சொல்வதை அப்படியே வேறொருவர் எழுதலாம். அங்கேயே பயிற்சி தொடங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. வரும் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பொதுத்தேர்வில் எழுத ஆள் கேட்கும் மாணவர், காலாண்டிலும் அரையாண்டிலும் எழுத ஆள் வைத்தே தேர்வு எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்