தரம் வீட்டுக்காரருக்கு, பில் யாருக்கு?

"இவர்கள் வீட்டை வைத்துக்கொள்ளும் லட்சணம் அப்படி." வாரியக் குடியிருப்பில் வளர்ந்த எவருக்கும் இந்த வாக்கியம் புதிதல்ல. சுவர் ஓதம் குடித்தாலும், கழிவுநீர் பொங்கினாலும், குற்றவாளி குடியிருப்பவர்தான். கட்டியவரோ பராமரிக்க வேண்டியவரோ அல்ல.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். வீட்டில் பூஞ்சை படர்வதாகத் தந்தை 2017-லேயே முறையிட்டிருந்தார். வீட்டைக் கொடுத்த நிறுவனமோ குடும்பத்தின் 'வாழ்க்கை முறை'யைக் காரணமாக நினைத்துக்கொண்டது. பூஞ்சைதான் குழந்தையின் உயிரைப் பறித்தது என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்ன பிறகுதான், அந்த நினைப்பு தவறு என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

2017-ல் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். அந்தத் தீயும் இந்தக் குழந்தையின் மரணமும் 2023-ல் ஒரு சட்டத்தைக் கொண்டுவர வைத்தன. அதன்படி 2024 ஏப்ரல் முதல், 1,000 வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் கவுன்சில்களையும் வீட்டுவசதிச் சங்கங்களையும் ஓர் ஒழுங்குமுறை ஆணையம் சுமார் நான்காண்டுக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறது. சி1 முதல் சி4 வரை தரம் போட்டு ஊரறிய வெளியிடுகிறது. சி3 என்றால் கடுமையான குறைபாடு, சி4 என்றால் மிகக் கடுமையான குறைபாடு.

இதனால் வாடகைதாரருக்கு என்ன கிடைக்கிறது? முதலில், பழி இடம் மாறுகிறது. தீப்பாதுகாப்புச் சோதனை நடக்கவில்லை, பழுது பார்ப்பதில் தாமதம், வீடுகளின் நிலையைப் பற்றிய கணக்கே இல்லை என்று ஆணையம் எழுதிவிட்டால், அதற்கு மேல் 'உன் வாழ்க்கை முறை' என்று யாரும் வாய் திறக்க முடியாது. நிறுவனம் திருத்தத் திட்டம் தர வேண்டும். தவறினால் வரம்பில்லாத அபராதம் விதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், தோழர்களே. தரம் போடுவது நிறுவனத்துக்கு, உங்கள் வீட்டுக்கு அல்ல. சி1 வாங்கிய நிறுவனத்தின் வீட்டிலும் பூஞ்சை இருக்கலாம். சி4 வந்துவிட்டது என்பதற்காக வாடகை குறையாது, அதைக் கட்டாமலும் இருக்க முடியாது. தனி மனிதரின் புகாரை ஆணையம் தீர்ப்பதில்லை. அதற்கு வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த 'அவாப் சட்டம்' வாடகைதாரரின் கையில் இன்னொரு பிடியைக் கொடுக்கிறது: அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

அதே கட்டடத்தில் இன்னொருவர் இருக்கிறார்: நீண்டகாலக் குத்தகைதாரர். 1980-ல் வந்த சட்டத்தைப் பயன்படுத்தித் தன் கவுன்சில் வீட்டை வாங்கியவராக இருப்பார், அல்லது அப்படி வாங்கியவரிடமிருந்து வாங்கியிருப்பார். வீடு அவருடையது, கூரையும் படிக்கட்டும் வெளிச்சுவரும் கவுன்சிலுடையது. அவாப் சட்டம் இவருக்குப் பொருந்தாது. மோசமான தரம் வந்ததும் நிறுவனம் அவசரமாகக் கூரையை மாற்றினால், குத்தகை ஒப்பந்தப்படி அதில் ஒரு பங்கு சேவைக் கட்டணமாக இவர் தலையில் விழும். பல ஆண்டு அலட்சியத்தின் பில், திருத்தம் என்ற பெயரில் வருகிறது. வீட்டை விற்க நினைத்தாலும் வாங்க வருபவர் அந்த பில்லைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.

இவருக்கும் ஆயுதம் இல்லாமலில்லை. ஒரு வேலைக்கு ஒருவரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். செலவு நியாயமானதா என்று தீர்ப்பாயத்தில் கேள்வி கேட்கலாம். ஆய்வு அறிக்கை அங்கே பேச்சுக்கு வலு சேர்க்கும்.

ஆபத்து எங்கே என்றால், இந்த இருவரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்ப்பதில்தான். "வேலையைச் சீக்கிரம் முடி" என்கிறார் வாடகைதாரர். "என்னால் கட்ட முடியாது" என்கிறார் குத்தகைதாரர். இரண்டுமே நியாயம். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே. அவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க இருவரும் இடம் கொடுத்துவிடக் கூடாது.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் கைபட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதன் பிறகுதான் ஐஐடி வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். காட்சி ஊடகத்துக்கு வந்தால்தான் ஆய்வு என்பது உரிமை ஆகாது. நம் குடியிருப்புகளிலும் தவணை கட்டி விற்பனைப் பத்திரத்துக்குக் காத்திருப்பவர், உள்வாடகைக்கு இருப்பவர் என்ற பிரிவு உண்டு. ஆய்வில் முதலில் விடுபடுபவர் உள்வாடகைக்காரர்தான்.

ஆகவே கோரிக்கை வைக்கும்போது மூன்றையும் சேர்த்தே வைப்போம்: வாரியத்துக்கு வெளியே உள்ளவர்கள் குறித்த காலத்தில் செய்யும் ஆய்வு, முடிவைத் தமிழில் ஒவ்வொரு பிளாக் வாசலிலும் ஒட்டுவது, திருத்தச் செலவு குடியிருப்பவர் மேல் விழாது என்ற எழுத்துப்பூர்வ உறுதி. மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு மட்டும் வந்தால், குற்றம் அவர்களுடையது என்று அறிக்கை சொல்லும், பணத்தை நாம் கட்டிக்கொண்டிருப்போம்.