கண்டிராக்ட் ரகசியம்

சர்க்கார் காரியங்களில் ரகசியம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சந்தேகம் கொள்வது பொது ஜனங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதற்குக் காரணமில்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் கண்டிராக்ட் விஷயத்தில் காக்க வேண்டிய ரகசியமும் உண்டு, காக்கத் தகாத ரகசியமும் உண்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

ஒரு சிறு தொழிற்சாலைக்காரர் பம்புகள் சப்ளை செய்ய டெண்டர் கொடுக்கிறாரென்று வைத்துக்கொள்வோம். உலோகத்தை எந்த விகிதத்தில் கலக்கிறார், மூலப்பொருளை என்ன விலைக்கு வாங்குகிறார், ஒரு பம்புக்கு லாபம் எவ்வளவு என்பனவெல்லாம் அவர் பல்லாண்டு உழைத்துத் தேடிய முதல். சர்க்காரை நம்பி அதைக் காகிதத்தில் எழுதித் தருகிறார். அக்காகிதம் குமாஸ்தாவின் மேஜையிலிருந்து போட்டிக்காரரின் கைக்குப் போகுமானால், அடுத்த டெண்டரில் அவர் தொலைந்தார். யோக்கியமானவர்கள் இதைக் கண்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பிறகு டெண்டருக்கு வருவோர் எத்தகையவரென்பதை நேயர்களே ஊகிக்கலாம். ஆகையால் டெண்டர் திறக்கும் வரையில் விலையும், திறந்த பின்னரும் தொழில் முறையும் மறைவாயிருப்பது அவருக்குச் செய்யும் சலுகையன்று. அது நமது வரிப்பணத்துக்கே பாதுகாப்பாகும்.

2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதை மறந்துவிடவில்லை. ஒருவருடைய வர்த்தக ரகசியம் வெளிப்பட்டு, போட்டியில் அவருக்கு நஷ்டம் நேருமாயின், 8-வது பிரிவின்படி அதைக் கொடுக்க மறுக்கலாம். பெரிய பொது நன்மை வேண்டினால் கொடுக்கலாம். 11-வது பிரிவின்படி, மனு வந்த 5 நாட்களுக்குள் கண்டிராக்டருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் 10 நாட்களுக்குள் தமது ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம். அதிகாரி அதை மனத்தில் கொள்ள வேண்டும் என்றுதான் சட்டம் கூறுகிறதேயன்றி, அதற்கு அடங்கி நடக்க வேண்டுமென்று கூறவில்லை.

காரியாலயங்களில் இவ்வித்தியாசம் எளிதில் மறைந்துபோகிறது. தம் ஊர் ரோட்டுக்கு எவ்வளவு ரூபாய் கொடுத்தீர்கள், எவ்வளவு ஜல்லி போட்டீர்கள் என்று ஒரு பிரஜை கேட்கிறார். ‘கண்டிராக்டர் ஆட்சேபிக்கிறார்’ என்று ஒரு வரியில் பதில் வருகிறது. ஆட்சேபிக்காமல் என்ன செய்வார்! ஜல்லியின் அளவில் என்ன வர்த்தக ரகசியம் இருக்கிறது? மறுத்தது நியாயமென்று ருஜுப்பிக்கும் பாரம் 19-வது பிரிவின்படி அதிகாரியையே சார்ந்தது. ரகசியமான பகுதியை மட்டும் நீக்கி மற்றதைக் கொடுக்க 10-வது பிரிவு இடந்தருகிறது. டெண்டர் முடிவான பின் அதன் தஸ்தாவேஜுகளை மறைக்க நியாயமில்லை என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

நாம் கோருவது இதுவே. டெண்டர் கொடுக்கும்போதே எந்தப் பக்கம் ரகசியம், ஏன் ரகசியம் என்று கண்டிராக்டர் எழுதித் தர வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் ரப்பர் முத்திரை குத்தி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். திறப்பதற்கு முன் விலையை வெளியிடும் உத்தியோகஸ்தரைத் தயவு தாக்ஷிண்யமின்றித் தண்டிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தானவுடன் தொகையையும் நிபந்தனைகளையும், வேலை முடிந்தவுடன் அளவுப் புத்தகத்தையும் ஒருவரும் கேளாமலே பிரசுரிக்க வேண்டும். இவற்றையும் ரகசியமென்று கொள்ளும் கண்டிராக்டர் தனி மனிதரிடம் வேலை தேடிக்கொள்ளலாம்.