பரண்ல தூங்குது உங்க இன்டர்வியூ ஷூ!

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் புது ஷூ வாங்கக் கிளம்பிட்டீங்களா பாஸ்? விழுப்புரமோ திண்டிவனமோ, முதல்ல வீட்டுப் பரணைத் துழாவுங்க. அப்பாவோட கல்யாண ஷூ கிடைக்கலாம்.

மேல்பக்கம் அப்பளமா உரியுதா? ரெக்ஸின், விட்டுடுங்க. வெறும் சுருக்கம்தானா? அசல் தோல், பிழைச்சுக்கும்! (ஒரு காலத்துல ஆவாரம்பட்டையில பதப்படுத்தின நம்ம ஊர்த் தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கு, தெரியுமா?)

பூஞ்சையை ஈரத்துணியால துடைச்சு நிழல்ல காயவிடுங்க. வெயில்ல வெச்சா தோல் வெடிச்சிடும். அப்புறம் ஷூ க்ரீம் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் பாலிஷ். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்!

அடிப்பாகம் வாயைத் திறந்திருந்தா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொடுங்க. "பசை மட்டும் வேணாம், தையலும் போடுங்கண்ணே." கூலியில பேரம் வேணாம், ப்ளீஸ்.

ஒரு வாரம் முன்னாடியே போட்டு நடந்து பாருங்க. பழைய பசை இன்டர்வியூ அன்னிக்குன்னு பார்த்துதான் விட்டுக்கும்!